ஓட்டம், வேர்வை, தண்ணி: கேட்டதுக்கெல்லாம் பதில்

கேள்வி: அண்ணா, பெங்களூர்ல ஈஸியா ஓடுற ஸ்பீடுல சென்னைல ஓடுனா நெஞ்சு படபடன்னு அடிக்குது. ஸ்டாமினா போச்சா?

பதில்: போகல தம்பி. தசைக்கும் ரத்தம் வேணும், சூட்டை வெளியேத்த தோலுக்கும் வேணும், ரெண்டுக்கும் அனுப்ப இதயம் வேகமா அடிக்குது. வேர்வை வழிஞ்சா பத்தாது, காஞ்சாதான் உடம்பு குளிரும், கடலோர ஈரக்காத்துல பனியனைப் பிழியுற அளவுக்கு நனைஞ்சாலும் சூடு இறங்காது. 10-14 நாள் மெதுவா ஓடுங்க, பிளாஸ்மா (ரத்தத்தோட திரவப் பகுதி) கூடும், வேர்வை சீக்கிரம் ஆரம்பிக்கும், அதுல போற உப்பும் குறையும். பேச்சு குழறினா உடனே நிறுத்தி, உடம்பு பூரா தண்ணி ஊத்திக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

கேள்வி: ஹாஃப் மாரத்தானுக்கு எத்தனை லிட்டர் தண்ணி?

பதில்: தாகத்துக்குக் குடிங்க, கணக்கு வெச்சு குடிக்காதீங்க. 2002 பாஸ்டன் மாரத்தான் முடிச்ச 488 பேரோட ரத்தத்தை டெஸ்ட் பண்ணதுல 13 சதவீதம் பேருக்கு சோடியம் (ரத்தத்துல இருக்குற உப்பு) குறைஞ்சிருந்துச்சு. ஓடி முடிச்சு எடை கூடியிருந்தா அளவுக்கு மீறி குடிச்சிருக்கீங்க. அதுல சோடியம் ரொம்ப இறங்குனா மூளை வீங்கி உயிரே போகலாம்ங்க.

கேள்வி: மறுநாள் மாடிப்படி இறங்க முடியல. தேங்கின லாக்டிக் ஆசிடை எப்படி எடுக்கிறது?

பதில்: தேங்கவே இல்ல. ஒரு மணி நேரத்துல கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வந்துடும்.

கேள்வி: எங்க ஜிம் மாஸ்டர் வருஷக்கணக்கா ஆசிட்னுதான் சொல்றார். அவ்ளோ பேரும் தப்பா?

பதில்: ஆமா, இந்த விஷயத்துல தப்பு. 1983லயே டிரெட்மில்ல சோதிச்சுட்டாங்க. சமதளத்துல ஓடினவங்களுக்கு லாக்டேட் (லாக்டிக் ஆசிட் உடம்புல இருக்குற வடிவம்) ஏறுச்சு, மறுநாள் வலி இல்ல. இறக்கத்துல ஓடினவங்களுக்கு லாக்டேட் ஏறவே இல்ல, ஆனா நல்ல வலி. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுக்கிட்டே பாரத்தைத் தாங்குது, அதுல நுண்ணிய சேதம் ஆகுது, அந்த வலிதான் ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு உச்சத்துக்கு வருது.

கேள்வி: அப்போ லாக்டேட் எதுக்குத்தான் வருது? கழிவுதானே?

பதில்: கழிவே இல்லங்க, எரிபொருள். உங்க இதயமே அதையும் எரிச்சுத் துடிக்குது, மிச்சத்தை கல்லீரல் திரும்ப குளுக்கோஸா மாத்துது. ஒரு தசை விட்டதை இன்னொரு தசை எடுத்துக்குது. இவ்ளோ அழகான ஏற்பாட்டை விஷம்னு சொல்றது எனக்குத் தாங்கல. மாஸ்டர் மேல மரியாதை இருக்கட்டும், ஆனா ஆசிடை இறக்குறேன்னு சொல்ற மசாஜுக்கு காசு கொடுக்காதீங்க.

கேள்வி: மூணு மாசமா முட்டி வலி...

பதில்: எலும்பு டாக்டரை நேர்ல பாருங்க.

கேள்வி: ஃபுல் மாரத்தானுக்கு எத்தனை லிட்டர்?

பதில்: மேல சொல்லிட்டேன். தாகத்துக்கு.

கேள்வி: உப்பு மாத்திரை போட்டுக்கிட்டா நிறைய குடிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. மாத்திரை போட்டாலும் அளவுக்கு மீறி குடிச்சா சோடியம் இறங்கத்தான் செய்யும்.