மின்வெட்டுக்காக அடகு போன காப்புகள்

கேள்வி: கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கணவருக்குப் புறக்கோட்டையில் ஓர் இரும்புக்கடையில் கணக்குப்பிள்ளை வேலை. நான் வீட்டில் றோல்ஸ், பற்றீஸ், கட்லட் செய்து உறையவைத்து, அலுவலகங்களுக்கும் பிறந்தநாள் வீடுகளுக்கும் கொடுக்கிறேன். மகள் உயர்தரம் படிக்கிறாள். மாமி இன்சுலின் போடுகிறவர். 2022 மின்வெட்டில் பிரீசரில் இருந்ததெல்லாம் பழுதாகி 18,000 ரூபா நட்டம். அந்த ஏப்ரலில் அம்மா தந்த ஆறு காப்புகளையும் அடகு வைத்து 200,000 ரூபா எடுத்து ஜெனரேற்றர் வாங்கினோம். 2023 முடிவில் தங்க விலை ஏறியிருந்தது. அதே காப்புகளுக்கு இன்னும் 180,000 தந்தார்கள். இன்வேட்டரும் இரண்டு பற்றரியும் வாங்கினோம். 2025 பெப்ரவரியில் நாடே இருண்டபோது மேலும் 240,000 எடுத்தோம். அதில் 90,000 புதுப் பற்றரிகளுக்கு. மிச்சம் 150,000 ரூபாவை அக்காவின் கணவர் அவசரம் என்று கேட்டு வாங்கினார். இப்போது அடகு 620,000. வட்டி வருடத்துக்கு 15 வீதம். வட்டியைத் தவறாமல் கட்டிப் புதுப்பித்து வருகிறோம். அத்தான் இப்போது ஒரு சோலார் கம்பனிக்கு வாடிக்கையாளர் பிடித்துக் கொடுக்கிறார். 5 கிலோவொற் 900,000 ரூபா. 400,000 முற்பணம், மிச்சம் தவணை. எங்களிடம் வாங்கிய கடனை அந்த விலையில் கழித்துவிடுவதாகச் சொல்கிறார். காப்புகளுக்கு இன்னும் 400,000 தரலாம் என்று வங்கியிலும் சொல்கிறார்கள். எடுக்கலாமா? இரவில் ஃபான் நின்றாலே நெஞ்சு படபடக்கிறது.

பதில்: எடுக்கவேண்டாம், சகோதரி. வேறு எதையும் வாசிக்காமல் இந்தக் கடிதத்தை மடித்து வைத்தாலும் பரவாயில்லை, அந்த 400,000 ரூபாவுக்கான படிவத்தில் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள்.

வரவு செலவை எழுதிப் பாருங்கள், வீண் செலவைக் குறையுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாவும் எண்ணெயும் விலை ஏறிய காலத்தில் றோல்ஸ் விற்று வீடு நடத்துகிறவருக்குக் கணக்குத் தெரியும். உங்கள் கை வீண் செலவுக் கை அல்ல. உங்களைக் கெடுப்பது ஒரேயொரு பழக்கம்: தங்க விலை ஏறும்போதெல்லாம் அதே காப்புகளின் மேல் இன்னும் கொஞ்சம் எடுப்பது. வட்டியை ஒழுங்காகக் கட்டுவதால் அது கடனாகவே உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஏதோ காப்புகள் உங்களுக்குச் சம்பளம் தருவது போலத் தோன்றுகிறது. நான்கு வருடத்தில் கடனின் முதல் தொகையிலிருந்து ஒரு ரூபாகூடக் குறையவில்லை. மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது.

கட்டிய வட்டியைத் தோராயமாகப் பார்ப்போம். முதல் 200,000 ரூபா ஏறக்குறைய 20 மாதம் இருந்தது. அன்றைய வட்டி அதிகம்; 20 வீதம் என்று வைத்தால் 66,000. பிறகு 380,000 ரூபா 14 மாதம், 17 வீதம் என்றால் 75,000. கடைசி ஒரு வருடம் 620,000 ரூபாவுக்கு 15 வீதப்படி 93,000. எல்லாம் சேர்த்து 235,000 ரூபாவுக்குக் கிட்ட. ஜெனரேற்றரின் விலையைவிட அதிகமான பணம் வட்டியாகவே போய்விட்டது.

இனி மறுபக்கம். கடிதத்தின் பின்பக்கத்தில் நீங்களே பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள்: கடந்த ஒரு வருடத்தில் மின்சாரம் போனது எட்டோ ஒன்பதோ தடவை. பெரும்பாலும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வந்துவிட்டது. டித்வா புயல் வந்த 2025 நவம்பரில் மட்டும் ஓர் இரவு முழுவதும் இல்லை. பழுதான சாமான் ஒன்றுமில்லை. தவறிய ஓடர் ஒன்று, 6,500 ரூபா. நான் தாராளமாக 15,000 என்று போட்டுக்கொள்கிறேன். இருட்டால் வருடத்துக்கு 15,000 ரூபா நட்டம். அந்த இருட்டுக்குப் பயந்ததால் 93,000 ரூபா வட்டி. படபடக்கவேண்டியது எந்த எண்ணுக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

பயம் புரிகிறது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். அதை அனுபவித்த யாருக்கும் ஃபான் நின்றால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் அது எரிபொருள் வாங்க நாட்டில் டொலர் இல்லாத வருடம். நீங்கள் வாங்கிய ஜெனரேற்றருக்கும் அதே பெற்றோல்தான் வேண்டும். நிரப்பு நிலையங்களில் மைல்கணக்கில் வரிசை நின்ற நாட்களில் அது எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, ஊகிக்க முடிகிறது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நடந்தது முற்றிலும் வேறு. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடு முழுவதும் மின்சாரம் போனது, நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் மூன்று இயந்திரங்களும் நின்றன, அதனால் அடுத்த சில நாட்கள் ஒன்றரை மணித்தியாலம் வெட்டினார்கள். நவம்பரில் புயல். டொலர், குரங்கு, புயல் மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. நீங்களோ ஒவ்வொரு தடவையும் போன தடவை வந்த நோய்க்கு மருந்து வாங்கி வைத்திருக்கிறீர்கள், அதுவும் வட்டிக்கு.

அடுத்தது அத்தானின் சோலார். இங்கே என் பொறுமை கொஞ்சம் குறைகிறது. நீங்கள் இருப்பது வாடகை வீடு. கூரை வீட்டுக்காரருடையது, மின்சாரக் கணக்கும் அவர் பெயரில்தான் இருக்கும். நாளைக்கு வீட்டை விடச் சொன்னால் தகடுகளைக் கழற்றி லொறியில் ஏற்றப்போகிறீர்களா? இதை உங்களுக்கு முன்னால் அத்தான் யோசித்திருக்கவேண்டும். யோசித்துத்தான் இருப்பார்; தரகு அவருக்கு, தவணை உங்களுக்கு.

இதைவிட முக்கியமான ஒன்றை அவர் சொன்னாரா என்று கேளுங்கள். மின்சார சபையின் கம்பியோடு இணைக்கப்படும் சாதாரண கூரைச் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். அது பழுதல்ல, அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. கம்பியைத் திருத்த ஏறியிருக்கும் தொழிலாளியின் மேல் உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் பாயக்கூடாது அல்லவா? வெட்டு நேரத்திலும் ஓடவேண்டுமானால் பற்றரியோடு கூடிய வேறு வகை இன்வேட்டர் வேண்டும். அத்தான் சொல்லும் 900,000 ரூபாவுக்குள் அது அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். மின்வெட்டுக்குப் பயந்து வாங்கும் சாமான் மின்வெட்டு நேரத்தில் வேலை செய்யாது என்றால் அந்த வியாபாரத்துக்கு என்ன பெயர் வைப்பது?

மின்சாரத்தை விற்றே தவணையைக் கட்டிவிடலாம் என்பார்கள். 2016 இல் தொடங்கிய கூரைச் சோலார் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு முதல் ஏழு வருடம் அலகுக்கு 22 ரூபா, மிச்சம் பதின்மூன்று வருடம் 15.50 ரூபா என்று ஒப்பந்தம். பிறகு வந்தவர்களுக்கு விலை பல தடவை மாறிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பெறும் விலை உங்களுக்குக் கிடைக்காது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் உங்கள் சோலாரை அணைத்து வையுங்கள் என்று மின்சார சபை கூரை உரிமையாளர்களைக் கேட்டதும் நினைவிருக்கும். தொழிற்சாலைகள் மூடிய நாட்களில் தேவை குறைவு, வெயில் அதிகம், மின்வலையமைப்பு தாங்காது. சொந்த வீடும் பெரிய மின்கட்டணமும் உள்ளவருக்குச் சோலார் நல்ல முதலீடாக இருக்கலாம். அடகுக் காசில் முற்பணம் கட்டும் வாடகைக் குடித்தனத்துக்கு அல்ல.

தங்க விலை ஏறிக்கொண்டேதான் போகும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு வார்த்தை. 2013 இல் உலகச் சந்தையில் தங்கம் நாலில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. கூடிய விலையில் அடகு வைத்த பலர் இங்கே மீட்காமலே விட்டார்கள், வங்கிகளும் கையைச் சுட்டுக்கொண்டன. இன்று 1,020,000 ரூபாவுக்கு அடகு வைத்துவிட்டு விலை இறங்கினால், புதுப்பிக்கப் போகும் நாளில் வட்டியோடு முதலிலும் ஒரு பகுதி கேட்பார்கள். இல்லாவிட்டால் ஏலம். அம்மா தந்த காப்புகள் என்று அங்கே யாரும் பார்க்கமாட்டார்கள்.

இனிச் செய்யவேண்டியது. இது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தே எழுதுகிறேன்: ஆறு காப்புகளில் இரண்டை விற்றுவிடுங்கள். வங்கி ஆறுக்குமாக 1,020,000 தரத் தயார் என்றால் ஒரு காப்பின் சந்தை விலை குறைந்தது 200,000 ரூபாவாவது இருக்கும். இரண்டு காப்பு, 400,000. பூட்டிக் கிடக்கும் ஜெனரேற்றரை விற்றால் 80,000 வந்தால்கூடப் போதும். (மேல்மாடி பல்கனியில் அதை ஓட்டுவது எப்படியும் ஆபத்து, அந்தப் புகையால் மூடிய அறைகளில் உயிரே போகும்.) அடகு 140,000 ஆகக் குறையும். இப்போது வட்டிக்கென்று மாதம் 7,750 ரூபா ஒதுக்குகிறீர்கள். அதே தொகையை இந்த 140,000 ரூபாவுக்குக் கட்டினால் இரண்டு வருடத்துக்குள் வட்டியும் முதலும் முடிந்துவிடும். மகளுக்கு நான்கு காப்புகள் முழுதாகக் கைக்கு வரும். இப்போதைய வழியில் போனால் அவளுக்குக் கிடைப்பது ஓர் அடகுச்சீட்டு.

விற்க மனம் வரவே வராது என்றால், அடுத்த தடவை புதுப்பிக்கும்போது ஆறையும் ஒரே சீட்டில் வைக்காமல் தனித்தனிச் சீட்டுகளாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஒரே சீட்டென்றால் 620,000 ரூபாவும் ஒருசேரக் கையில் இருந்தால்தான் ஒரு காப்பாவது வெளியே வரும். அந்த நாள் வராது. தனிச் சீட்டென்றால் ஒவ்வொன்றாக மீட்கலாம். கடனின் முதல் தொகையைப் பகுதி பகுதியாகக் கட்ட முடியுமா என்றும் கேளுங்கள். கருமபீடத்தில் தாமாக முன்வந்து இதைச் சொல்லமாட்டார்கள். மேலதிகமாக எவ்வளவு தரலாம் என்பதை மட்டும் கேட்காமலே சொல்வார்கள்.

வீட்டு மின்சாரத்துக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். இன்வேட்டர் இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் அது சும்மா இருக்கும்போதும் 20, 25 வொற் இழுக்கும். மாதம் 15 முதல் 18 அலகு. பாவிக்கும் அலகு கூடக் கூட நம் கட்டணமும் படிப்படியாக ஏறுவது என்பதால் அந்த அலகுகள் உங்கள் பட்டியலின் மிக விலைகூடிய படியில்தான் விழும். ஃபான் ஒன்று, மகளின் மேசை விளக்கு, வைஃபை இவற்றை மட்டும் அதில் கொடுங்கள். பிரீசரை அதில் மாட்டிப் பற்றரிகளைக் கொல்லாதீர்கள். இரண்டு வருடத்துக்குள் முதல் சோடி போனதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். நிறைந்த பிரீசர் திறக்காமல் இருந்தால் ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். இடம் காலியாக இருந்தால் தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்து நிரப்புங்கள். கரண்ட் திரும்பி வரும் நொடியில் மின்னழுத்தம் தாறுமாறாக இருக்கும். கம்ப்ரஷர் எரிவது அப்போதுதான். சில நிமிடம் தாமதித்து மின்சாரம் விடும் பிரிட்ஜ் கார்டுக்குச் சில ஆயிரம் ரூபாதான், அதை மறக்கவேண்டாம். மாமி போட்டுக்கொண்டிருக்கும் இன்சுலின் குப்பி இரண்டு மணித்தியால வெட்டில் கெட்டுவிடாது. பயந்து ஐஸ் மேல் வைத்தால்தான் கெடும், உறைந்த இன்சுலின் பயன்படாது. வெளியில் எத்தனை நாள் வைக்கலாம் என்பது வகைக்கு வகை மாறும், மருந்தகத்தில் கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் ஒழுங்கையில் மட்டும் கரண்ட் இல்லையென்றால் 1987 க்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த சோடிப் பற்றரிகளுக்கு இன்றிலிருந்தே மாதம் 2,500 ரூபா தனிக் கணக்கில் போடுங்கள். மூன்று வருடத்தில் 90,000, அடகுக்கடை வாசல் ஏறத் தேவையில்லை.

கடைசியாக அத்தானிடம் இருக்கும் 150,000. அந்தப் பணத்துக்கும் 15 வீத வட்டியை நீங்கள்தான் கட்டுகிறீர்கள், வருடம் 22,500 ரூபா. அதைச் சோலார் விலையில் கழிப்பது என்றால் அவர் கடனை உங்கள் பணத்திலேயே உங்களுக்குத் திருப்பித் தருகிறார் என்று பொருள். பணமாகத்தான் வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரேயடியாகக் கேட்டால் சண்டைதான் வரும்; மாதம் 12,500 என்றால் ஒரு வருடத்தில் முடியும். அக்காவிடம் நீங்கள் போய் அழவேண்டாம், உங்கள் கணவர் அத்தானிடம் நேரே பேசட்டும். அவர் அப்போதும் சோலார் கதையைத் தொடங்கினால், வீட்டுக்காரரின் எழுத்துமூலச் சம்மதத்தை முதலில் வாங்கி வரச் சொல்லுங்கள்.