முன் சக்கரத்துக்கு மட்டும் ஆணி டயர் போதுமா?

காலையில் பனிக்கட்டி படிந்த வளைவில் சைக்கிளின் முன் சக்கரம் சறுக்கி விழுந்துவிட்டீர்கள், இரண்டு ஆணி டயர் (பனிக்கட்டியில் பிடிப்புக்காகச் சிறு ஆணிகள் பதித்த டயர்) வாங்க இப்போது கையில் பணமில்லை, ஒன்று போதுமா என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றுதான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் போடுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் யோசிப்பதற்குள் தரையில் கிடப்போம். ஆனால் பாதையில் ஏற்றமோ, உறைந்துபோன டயர் தடங்களோ இருந்தால் பின்னாலும் தேவைப்படும். பணம் சேர்ந்ததும் போட்டுவிடுங்கள்.

வாங்கும்போது டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளால் ஆன ஆணியா என்று பாருங்கள். சாதாரண இரும்பு ஆணி பனியில்லாத தார்ச்சாலையில் சீக்கிரம் மழுங்கிவிடும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்பதையும் முதலிலேயே அளந்துவிடுங்கள். புது டயரை முதல் 40 கிலோமீட்டர்வரை தார்ச்சாலையில், வேகமாக மிதிக்காமல், அழுத்திப் பிரேக் பிடிக்காமல் ஓட்டினால் ஆணிகள் ரப்பரில் நன்றாகப் பதியும். பலர் இதை விட்டுவிட்டு, ஆணி உதிர்கிறது என்று டயரைத் திட்டுவார்கள்!

பனிக்கட்டி நிறைந்த நாளில் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள், ஆனால் டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாதீர்கள். டயர் சற்றே அமுங்கி, ஓர ஆணிகளும் தரையைத் தொடும்.

வண்டி கனமாகும், சரசரவென்று சத்தமும் வரும், பழகிவிடும். அப்புறம், சிக்னலில் காலை ஊன்றும்போது கவனம். ஆணி டயருக்குத்தான், உங்கள் ஷூவுக்கு இல்லை.