திரையில் பிம்பம் விழாததற்குக் காரணம் இடைவெளிதான்

வணக்கமுங்க. பொள்ளாச்சியிலிருந்து கேட்டிருந்தீங்க: பையனோட குவிலென்ஸுக்குக் குவியத் தொலைவு (தூரத்துப் பொருளின் பிம்பம் தெளிவாக விழும்போது லென்ஸுக்கும் பிம்பத்துக்கும் உள்ள தூரம்) 10 செ.மீ., மெழுகுவர்த்திக்கும் திரைக்கும் நடுவே 35 செ.மீ., லென்ஸை எங்கே நகர்த்தினாலும் சுடர் கலங்கலாகவே விழுகுதுன்னு. லென்ஸில் பழுதில்லீங்க. சுடருக்கும் திரைக்கும் இடையே குவியத் தொலைவைப் போல 4 மடங்காவது, அதாவது 40 செ.மீ., வேணும். அதற்குக் குறைந்தால் எந்த இடத்திலும் தெளிவு கிடைக்காது.

45 செ.மீ. வைத்துப் பாருங்க. சுடரிலிருந்து 15 செ.மீ.யில் லென்ஸ் நின்றால் தலைகீழாக இரண்டு மடங்கு பிம்பம். 30க்குத் தள்ளினால் அதே திரையில் பாதி அளவு. பையனுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்க, அவ்வளவு அழகா இருக்கும். 10 செ.மீ.க்குள் சுடரைக் கொண்டுபோனால் திரையில் எதுவும் விழாது; லென்ஸ் வழியே கண்ணால் பார்த்தால் நிமிர்ந்து பெரிதாகத் தெரியும்.

அந்த 10 சரிதானான்னு முதலில் பார்த்துக்கோங்க. பகலில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், வெளியே தூரத்துத் தென்னையின் பிம்பத்தை விழ வையுங்க. கீற்று தனித்தனியாகத் தெரியும்போது லென்ஸுக்கும் சுவருக்கும் உள்ள தூரம்தான் குவியத் தொலைவு. 12 வந்தால் இடைவெளி 48க்கு மேல் வேணும்.

அறையை இருட்டாக்கி ஃபேனை நிறுத்திடுங்க. மெழுகு உருக உருகச் சுடர் இறங்கும், பிம்பம் மேலே ஏறும். வர்த்திக்கு அடியில் அட்டை வைத்து லென்ஸின் நடு உயரத்துக்கு ஏற்றிக்கோங்க.