வேலையும் கூலியும்: திருப்பூர்க் கடிதங்களுக்குப் பதில்கள்

கேள்வி: ஏற்றுமதிப் பனியன் கம்பெனியில் பல ஆண்டுகளாக ஓவர்லாக் மெஷினில் தைத்து வருகிறேன். ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்த இடத்தில், அமெரிக்க வரிக்குப் பிறகு ஒரு ஷிப்டுக்கே வேலை போதவில்லை. வரியைக் கட்டுவது அங்கே சரக்கை வாங்குகிறவர்தான் என்கிறார்கள். அப்படியிருக்க, என் வருமானம் ஏன் குறைகிறது?
(டெய்லர், பெருமாநல்லூர்)

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். சுங்க வரியைச் செலுத்துபவர் அமெரிக்க இறக்குமதியாளரே. ஆனால் செலுத்துகிறவர் ஒருவராகவும் சுமக்கிறவர் வேறொருவராகவும் இருப்பது வணிகத்தில் புதிதல்ல. பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்கா வழக்கமாக விதிக்கும் வரி 16.5 சதவீதம். 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியச் சரக்கின் மீது அதற்கு மேல் 50 சதவீதம் சேர்ந்தது. அதே மாதத்தில் வங்கதேசம், வியட்நாம், இலங்கை ஆகிய நாடுகளுக்குக் கூடுதல் வரி 20 சதவீதம் என்று முடிவானது. ஆகவே 100 ரூபாய்க்கு விலைபேசிய ஒரே மாதிரியான டி-ஷர்ட், அமெரிக்கத் துறைமுகத்தைத் தாண்டும்போது திருப்பூரிலிருந்து போனால் 166 ரூபாய் 50 காசாகவும், டாக்காவிலிருந்து போனால் 136 ரூபாய் 50 காசாகவும் அடக்கமாகும் நிலை வந்தது. இந்த இடைவெளியை ஈடுகட்ட வேண்டுமென்றால் திருப்பூர் முதலாளி அதே சரக்கை 82 ரூபாய்க்குக் கொடுத்தாக வேண்டியிருந்தது.

அந்த 18 ரூபாயை எங்கிருந்து குறைப்பது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. ஒரு டி-ஷர்ட்டின் அடக்க விலையில் பெரும்பங்கு நூலுக்கும் துணிக்கும் போகிறது; நூல் விலையை மில்லும் பஞ்சுச் சந்தையும் முடிவு செய்கின்றன. சாயப்பட்டறைக் கூலியிலும் கை வைக்க முடியாது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விடாமல் சுத்திகரித்தாக வேண்டும் என்ற நிலை வந்தது. அதற்கான செலவு ஆர்டர் குறைந்தாலும் குறைவதில்லை. வங்கி வட்டியும் அப்படியே. எஞ்சியிருப்பவை லாபமும் தையல் செலவும் மட்டுமே. லாபம் முதலில் கரைகிறது. அது தீர்ந்த பிறகு, கட்டுப்படியாகாத ஆர்டரை முதலாளி எடுப்பதில்லை. பீஸ் ரேட், அதாவது ஓர் உருப்படிக்கான கூலி, காகிதத்தில் மாறாமல்தான் இருக்கும். தைக்கப் பீஸ் வராது. வீட்டு வாடகையையும் சீட்டுப் பணத்தையும் அந்தக் கூடுதல் அரை ஷிப்டை நம்பியே கணக்குப் போட்டு வாழ்ந்த குடும்பங்களுக்கு, இதுவே சம்பளக் குறைப்பாகிவிடுகிறது.

வரி குறைந்தால் எல்லாம் உடனே சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஒரு பருவத்துக்கான ஆர்டரை, சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் பல மாதங்களுக்கு முன்பே கொடுத்துவிடுகிறார். வேறொரு நாட்டில் சாம்பிள் பார்த்து, தொழிற்சாலைத் தணிக்கையையும் முடித்து, அங்கே பழகிவிட்டவர் ஓர் அறிவிப்பைப் படித்த கையோடு திரும்பி வருவதில்லை.

கேள்வி: எங்கள் கம்பெனியில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். பக்கத்துப் பவர் டேபிள் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் தையல் கூடம்) கான்ட்ராக்டர் பிடித்தம் எதுவுமில்லாமல் கூடுதல் பீஸ் ரேட் தருவதாகக் கூப்பிடுகிறார். போகலாமா?
(வாசகி, அனுப்பர்பாளையம்)

பதில்: கூடாது என்பதே என் கருத்து. உங்கள் மாத ஊதியம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப்.புக்கு 12 சதவீதமாக 1,800 ரூபாயும் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதமாக ஏறத்தாழ 113 ரூபாயும் உங்களிடமிருந்து போகின்றன. கம்பெனி தன் பங்காக பி.எஃப்.புக்கு 1,800 ரூபாயும் இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதமாக ஏறத்தாழ 488 ரூபாயும் போட வேண்டும். சம்பளக் கவரில் கண்ணுக்குத் தெரிவது முதல் கணக்கு மட்டுமே. கான்ட்ராக்டர் தரும் கூடுதல் ரேட்டை இரண்டாவது கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த 2,288 ரூபாயில் ஒரு பகுதியைத்தான் அவர் உங்களிடம் கூடுதல் ரேட் என்று நீட்டுகிறார்.

ஆர்டர் மந்தமான காலத்தில் இந்த வித்தியாசம் இன்னும் கூடுகிறது. சந்தா நாட்கள் நிறைந்திருந்தால், உடல்நலமின்றி விடுப்பு எடுக்கும் நாட்களுக்கு இ.எஸ்.ஐ.யில் ஊதியத்தின் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். மகப்பேற்றுக்கு 26 வாரம் உண்டு. கம்பெனியின் பி.எஃப். பங்கிலிருந்து, ஊதியத்தின் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. 10 ஆண்டு சேவை சேர்ந்தால் மாத ஓய்வூதியத்துக்கு உரிமை வருகிறது. நம் ஊரில் கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துவிட்டு, அடுத்த இடத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு இருபது ஆண்டு தைத்த பிறகும் அந்தப் பத்தாண்டு சேராமல் போகிறது. எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் அதே யு.ஏ.என். எண்ணை (பி.எஃப். கணக்குகளுக்கான உங்கள் பொது எண்) கொடுத்துக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். பிடித்த பணத்தை உண்மையிலேயே கட்டுகிறார்களா என்பதைக் கைபேசியில் உமாங் செயலி வழியே அவ்வப்போது பார்த்துக்கொள்வதும் அவசியம். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: வடமாநிலத் தொழிலாளர்கள் வந்ததால்தானே உள்ளூர்க்காரர்களின் கூலி உயராமல் நிற்கிறது?
(வாசகர், அவிநாசி)

பதில்: ஆட்கள் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் கூலி மெதுவாகத்தான் ஏறும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் கூலி நின்றுபோன கதை அவர்கள் பெருவாரியாக வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பஞ்சப்படி (அகவிலைப்படி) கேட்டு 1984-ல் திருப்பூரில் 127 நாட்கள் வேலைநிறுத்தம் நடந்தது. அதன் பிறகு தைப்பதையும் காஜா, பட்டனையும் செக்கிங்கையும் சிறு சிறு ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் வேகமெடுத்தது. முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்திடும் சம்பள ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. ஆனால் கான்ட்ராக்டரிடம் தைக்கிறவருக்கு, அவர் அவிநாசிக்காரரானாலும் பீகார்காரரானாலும், அது பெரும்பாலும் எட்டுவதில்லை. 2020 ஊரடங்கில் வெளிமாநிலத்தவர் ஊர் திரும்பியபோது, கம்பெனிகள் திறந்த பிறகும் ஆளில்லாமல் மெஷின்கள் சும்மா கிடந்ததையும் நினைவில் கொள்ளுங்கள். அவர்களும் அதே ஒப்பந்தக் கூலியைப் பெற்றால், மலிவான ஆள் என்ற காரணத்துக்காக உங்களை ஒதுக்க யாருக்கும் வழியிருக்காது.

கேள்வி: மகள் கோவையில் ஆடை வடிவமைப்புப் பட்டம் முடித்திருக்கிறாள். இந்தச் சூழலில், பையருக்கும் கம்பெனிக்கும் இடையே ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலையில் சேர்க்கலாமா?
(வாசகர், பல்லடம்)

பதில்: சேர்க்கலாம். ஆனால் நேர்காணலின்போது அந்தக் கம்பெனியின் பையர்கள் எந்த நாட்டினர் என்பதை அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஒரே அமெரிக்கப் பையரை நம்பியிருக்கும் இடத்தில், அந்தப் பையர் விலகினால் முதலில் ஆட்டம் காண்பது மெர்ச்சண்டைசிங் பிரிவுதான். ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும் அனுப்பும் கம்பெனி சற்றே குறைந்த சம்பளம் சொன்னாலும் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் இந்திய ஆடைகளுக்கு இறக்குமதி வரியை நீக்க வகை செய்கிறது. திருப்பூரின் ஆடைச் சந்தையான காதர்பேட்டையை நம்பி உள்நாட்டுக்குத் தைக்கும் நிறுவனங்களையும் தாழ்வாக எண்ண வேண்டாம். அங்கே டாலரும் இல்லை, அமெரிக்க வரியும் இல்லை. ஆனால் கடன் பாக்கி வசூலாவதில் உள்ள இழுபறி சம்பளத் தேதியிலும் தெரியும் என்பதால், மாதச் சம்பளம் எந்தத் தேதியில் கைக்கு வருகிறது என்று அங்கே வேலை செய்கிற ஒருவரிடம் விசாரித்துவிட்டுச் சேர்வது நல்லது.