பழைய எனாமல் கேரியர், அஞ்சறைப்பெட்டி, ஜாடி: எங்கே பெயிண்ட் அடிக்கலாம், எங்கே கூடாது?

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் மூன்று பொருள்கள் வாங்கினேன். சிவப்பு எனாமல் அடுக்கு கேரியர் (அடியில் சுவீடன் முத்திரை, அங்கங்கே பூச்சு பெயர்ந்து துரு), வெளிப்பக்கம் பச்சை பெயிண்ட் அடித்த மர அஞ்சறைப்பெட்டி, பழுப்பும் வெள்ளையுமான ஊறுகாய் ஜாடி. மூன்றிலும் கோலம் வரைந்து சமையலறையில் புழங்க ஆசை. என்ன பெயிண்ட் வாங்க வேண்டும்?
- மதுரை வாசகி

பதில்: நல்ல சாமான்களாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். பர்மா, மலாயா வியாபாரக் காலத்தில் நகரத்தார் வீடுகளில் சீர் சாமானாகச் சேர்ந்தவை இந்த எனாமல் பாத்திரங்கள். பெயிண்ட் வாங்கக் கிளம்புமுன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சாப்பாடு, நெருப்பு, தேய்க்கிற நார் இந்த மூன்றும் படாத இடத்தில் மட்டுமே பெயிண்ட்.

அந்தக் கணக்குப்படி கேரியரின் உள்பக்கத்தைத் தொடவே கூடாது. எனாமல் என்பது இரும்பின் மேல் சுமார் 800 டிகிரி சூட்டில் உருகி ஒட்டிய கண்ணாடி. கடையில் டப்பாவில் வருகிற எனாமல் பெயிண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை உள்ளே அடித்து ஓட்டையை மூடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே பூச்சு பெயர்ந்திருந்தால் அடுத்தடுத்து சில்லு தெறித்துச் சாப்பாட்டில் கலக்கும். பூச்சு முழுசாக இருந்தாலும் அதில் மதிய உணவு கொண்டுபோக நான் சம்மதிக்க மாட்டேன். பழைய சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு எனாமல்களுக்கு நிறம் கொடுக்கக் காட்மியம் என்ற நச்சு உலோகம் சேர்ப்பது வழக்கத்தில் இருந்தது, ஈயமும் இருக்கலாம். புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர் போன்ற புளிப்பான பண்டங்கள் அவற்றைக் கரைத்து இழுக்கும். கேரியருக்குள் ஸ்பூன், கைத்துண்டு, தீப்பெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே தாராளமாக வரையலாம். ஆனால் கண்ணாடி வழவழப்பில் எந்தப் பெயிண்டும் நிற்காது, நகத்தால் சுரண்டினாலே தோலாக உரிந்து வரும். எனவே முக்கால்வாசி வேலை அடித்தளம் போடுவதில்தான் இருக்கிறது. சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, நன்றாகக் காயவையுங்கள். துருப் பிடித்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் (துரு தடுக்கும் அடிப்பூச்சு) ஒரு கை. அப்புறம் வரையப்போகிற பரப்பை மட்டும் 400 நம்பர் வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), தண்ணீர் தொட்டுத் தொட்டு, பளபளப்பு மங்கும்வரை தேயுங்கள். அதன் மேல் வாகன பெயிண்ட் கடைகளில் இரண்டு டப்பாவாக வருகிற எபாக்சி பிரைமர். காய்ந்தபின் அக்ரிலிக் பெயிண்டில் கோலம், கடைசியாகத் தெளிவான பி.யு. (பாலியூரித்தேன்) வார்னிஷ் மெல்லிசாக இரண்டு கை. எபாக்சிக்கும் வார்னிஷுக்கும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் வார்னிஷ் அடிக்காதீர்கள். ஈரக் காற்றில் வெள்ளைப் புகை படிந்தது மாதிரி மங்கிவிடும்.

சிவப்பு முழுவதையும் மூட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அந்த ஆழமான நிறம் டப்பா பெயிண்டில் கிடைக்காது. ஒவ்வொரு அடுக்கிலும் விளிம்புக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலமாக ஓடவிட்டால் போதும், அடுக்கி வைக்கும்போது வரிசை வரிசையாகத் தெரியும். அடியிலுள்ள முத்திரையையும், பழைய வீட்டுக்காரர் இனிஷியல் ஏதும் எழுதியிருந்தால் அதையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

அஞ்சறைப்பெட்டியில்தான் எனக்கு அதிகக் கவலை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள் பெயிண்டில் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்தாலோ, சூடு காட்டி உரித்தாலோ அது தூசியாகவும் புகையாகவும் மூச்சில் போகும். பெயிண்ட் இறுக்கமாக ஒட்டியிருந்தால் சுரண்டவே வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, வாட்டர் பேப்பரால் ஈரமாக லேசாக உரசி, பிரைமர் கொடுத்து மேலேயே அடித்து மூடிவிடுவது மேல். செதில் செதிலாக உதிர்ந்தால் தண்ணீர் தெளித்து நனைத்தபடியே சுரண்டுங்கள். கீழே செய்தித்தாள், மூக்குக்கு என்95 முகக்கவசம், பக்கத்தில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் கூடாது. விழுந்ததைப் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துக் கட்டிப் போடுங்கள்.

இவ்வளவு செய்தாலும் அந்தப் பெட்டியில் இனி மிளகு, சீரகம் வேண்டாம். ஊசி, நூல், பொத்தானுக்கு அருமையாக இருக்கும். மசாலாவுக்கே வேண்டுமென்றால் பெயிண்ட் படாத மரப்பெட்டி தேடி வாங்கி, மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் தடவிப் புழங்குங்கள். தேங்காய் எண்ணெய் மரத்தில் காயாது, சிக்கு வாடை அடிக்கும்.

ஜாடியை முதலில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் சரி, மொத்தென்றால் எங்கோ விரிசல். தண்ணீர் நிரப்பி ராத்திரி முழுக்கச் செய்தித்தாள் மேல் வையுங்கள், தாள் நனைந்தால் ஊறுகாய்க்கு உதவாது. உள்ளே மெருகில் முடி மாதிரிக் கீறல்கள் ஓடியிருந்தாலும் அப்படித்தான். பல வருட உப்பை உறிஞ்சிய ஜாடி இது. வரைந்தபின் உப்பு வெளியே பூத்துப் பெயிண்டைத் தள்ளிவிடும். அதனால் சில நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, ஒரு வாரமாவது நிழலில் உலர்த்துங்கள். பிறகு பீங்கானுக்கென்று விற்கும் பெயிண்டால், வாயிலிருந்து இரண்டு விரல் கீழே தள்ளி, வயிற்றுப் பகுதியில் மட்டும் வரையுங்கள். சில வகைகளை 150 டிகிரியில் 35 நிமிடம் ஓவனில் (மின் அடுப்பில்) வைக்கச் சொல்லியிருக்கும். ஜாடியைக் குளிர்ந்த ஓவனில் வைத்துத்தான் சூடேற்ற வேண்டும், ஆறியபின்தான் எடுக்க வேண்டும். உங்கள் ஓவனில் ஜாடி நுழையாவிட்டால் சுடத் தேவையில்லாத வகையை வாங்குங்கள். கழுவும்போது நார் போடாமல் கையால் துடைத்தால் போதும்.