கோவையில் பார்த்த வேலை கணக்கில் வருமா? பி.ஏ. (பிசிஷியன் அசிஸ்டென்ட்) படிப்புக்கு முன் கேட்கும் அனுபவம் பற்றி

டாலஸ் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கோவையில் பி.பி.டி. முடித்து அங்கேயே ஒரு மருத்துவமனையில் நான்கு வருடம் பிசியோதெரபிஸ்ட் வேலை, கல்யாணமாகி, கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் அமெரிக்கா வந்து மூன்று வருடமாக வீட்டில். கணவருடைய ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போட்ட மனு, இப்போதுதான் ஒப்புதலாகி, போன மாதம் இவருக்கு வேலை பார்க்க அனுமதி தரும் இ.ஏ.டி. கார்டு வந்திருக்கிறது. பி.ஏ., அதாவது டாக்டரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்த்துச் சிகிச்சை தரும் பிசிஷியன் அசிஸ்டென்ட் ஆகப் படிக்க வேண்டும் என்று ஆசை. அதில் சேரும் முன்பே நோயாளிகளோடு வேலை பார்த்த அனுபவத்தைப் பல கல்லூரிகள் மணி நேரக் கணக்கில் கேட்கும். அவர் கேட்பது மூன்று விஷயம். கோவை அனுபவம் செல்லுமா? செல்லாவிட்டால் இங்கே டாக்டர் பக்கத்தில் இருந்து குறிப்பெழுதும் ஸ்க்ரைப் வேலைக்குப் போவதா, நர்ஸுக்கு உதவியாக நோயாளியைக் கவனிக்கும் சி.என்.ஏ. வேலைக்குப் போவதா? வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் 2,500 டாலர் கொடுத்தால் ஒரு கிளினிக்கிலிருந்து 1,000 மணி நேரத்துக்கு அனுபவக் கடிதம், அதுவும் போன வருடத் தேதி போட்டு, வாங்கித் தருவதாகச் சொல்கிறாரே, வாங்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாங்காதீர்கள். அந்த ஆளோடு பேச்சையே நிறுத்திவிடுங்கள்.

ஏன் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போன வருடம் உங்களிடம் இ.ஏ.டி. கிடையாது. போன வருடத் தேதியில் ஒரு கிளினிக்கில் 1,000 மணி நேரம் வேலை பார்த்ததாகக் கையில் ஒரு கடிதம் இருந்தால், அது நீங்கள் அனுமதியில்லாமல் வேலை பார்த்ததற்கு நீங்களே காசு கொடுத்து வாங்கிய சாட்சி. "சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப் என்று போட்டுக்கொள்ளலாம்" என்பார். அதையும் நம்பாதீர்கள், மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கிற வேலையை நீங்கள் சும்மா செய்தாலும் அது வேலை என்றே எடுத்துக்கொள்ளப்படலாம். நாளைக்கு கிரீன் கார்டு நேரத்தில் இந்தக் காகிதம் எங்கிருந்தாவது தலை நீட்டினால் அந்த 2,500 டாலர்காரர் உங்கள் பக்கத்தில் வந்து உட்காரப் போவதில்லை.

படிப்பு பக்கமும் இது நிற்காது. பி.ஏ. கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு காஸ்பா என்ற ஒரே பொது விண்ணப்பம்தான். அதில் ஒவ்வொரு வேலைக்கும் மேற்பார்வையாளர் யார், அவரை எப்படித் தொடர்புகொள்வது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று தனித்தனியாகக் கேட்பார்கள், கடைசியில் எல்லாம் உண்மை என்று நீங்கள் ஒப்பமிட வேண்டும். கல்லூரி நினைத்தால் போன் போட்டுக் கேட்கலாம். கேட்காவிட்டாலும் நேர்முகத் தேர்வு இருக்கிறது. ஒரு கல்லூரியின் நேர்முகத் தேர்வுக் குழுவில் சில வருடம் உட்கார்ந்திருக்கிறேன். 1,500 மணி நேரம் எழுதியிருந்த ஒரு பெண்ணிடம் "உங்களால் மறக்க முடியாத ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றோம். அந்தப் பெண் பொதுவாக, நோயாளிகள் எல்லோரும் அன்பாக இருந்தார்கள், நிறையக் கற்றுக்கொண்டேன் என்று இரண்டு நிமிடம் பேசினார். ஒரு முகம், ஒரு படுக்கை, ஒரு ராத்திரி, எதுவும் வரவில்லை. அறையில் இருந்த மூன்று பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டோம். நம் ஊர்ப் பெண்தான், யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள், இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

சரி, கோவை அனுபவத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நம்மவர்கள் கையில் இருப்பதையும் கோட்டைவிடுகிறார்கள்.

காஸ்பாவில் அனுபவத்தை முக்கியமாக இரண்டு பெட்டியாகப் பிரிப்பார்கள். நோயாளியின் சிகிச்சைக்கு நீங்களே நேரடியாகப் பொறுப்பாக இருந்த வேலை ஒரு பெட்டி. மருத்துவத் துறையில் இருந்தாலும் அந்த நேரடிப் பொறுப்பு இல்லாத வேலை இன்னொரு பெட்டி. முதல் பெட்டிக்குத்தான் மதிப்பு. அதற்கு உதாரணமாகச் சொல்கிற வேலைகளில் நர்ஸ், பாராமெடிக் இவற்றோடு பிசியோதெரபிஸ்டும் உண்டு. ஆகவே நீங்கள் நான்கு வருடம் செய்தது முதல் பெட்டி வேலை, அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். வெளிநாட்டில் செய்தது என்பதற்காக காஸ்பா அதைத் தள்ளாது. ஆனால் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது அந்தந்தக் கல்லூரி. சில கல்லூரிகள் முழுதாக எடுத்துக்கொள்ளும். சில, அமெரிக்காவில் செய்ததுதான் வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கும். சில, இத்தனை வருடத்துக்குள் செய்ததாக இருக்க வேண்டும் என்று கேட்கும், அங்கே உங்கள் மூன்று வருட இடைவெளி உதைக்கும். படிப்பின்போது செய்த ஆறு மாத இன்டர்ன்ஷிப்பைப் பல இடங்களில் சேர்க்க மாட்டார்கள், அதை மறந்துவிடுங்கள்.

இப்போது உங்களிடம் இருக்கும் அனுபவச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். "இன்னார் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை எங்களிடம் பணிபுரிந்தார், அவருடைய நடத்தை நன்று" என்று நாலு வரி இருக்கும். ஒரு மணி நேரக் கணக்கும் அதில் இருக்காது. அமெரிக்காவில் இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மருத்துவமனைக்கு எழுதி, வாரத்துக்கு எத்தனை நாள், நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்தெந்த வார்டு, என்னென்ன சிகிச்சை தனியாகக் கொடுத்தீர்கள் என்று விவரமாக ஒரு கடிதம் கேளுங்கள். உங்கள் துறைத் தலைவரின் மின்னஞ்சல், அவர் உண்மையிலேயே திறந்து பார்க்கிற மின்னஞ்சல், அதில் இருக்க வேண்டும். மனிதவளப் பிரிவில் உங்களைத் தெரிந்தவர் வேறு வேலைக்குப் போவதற்குள் வாங்குங்கள். மணி நேரத்தை நீங்களாகக் கூட்டி எழுதாதீர்கள். வாரம் ஆறு நாள், நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் 48 தான், "அவசரம் வந்தால் கூட இருந்தேனே" என்று 60 போட வேண்டாம். நேர்மையாகப் போட்டாலே, விடுப்புகளைக் கழித்தாலும் உங்களுக்கு வருடத்துக்கு 2,000 மணி நேரத்துக்கு மேல் வரும். பாதிக் கல்லூரி இதை ஏற்றுக்கொண்டால்கூட நீங்கள் பலரைவிட முன்னால் நிற்கிறீர்கள்.

ஆனாலும் இங்கே ஒரு வேலை பாருங்கள் என்றுதான் சொல்வேன். இந்தத் தொழில் பிறந்த கதையே அனுபவத்தில்தான் இருக்கிறது. 1965-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் முதல் வகுப்பை ஆரம்பித்தபோது அவர் எடுத்தது கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்த நான்கு பேரை. கை ஏற்கெனவே பழகியவனுக்கு மீதியைச் சீக்கிரம் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்பதுதான் எண்ணம். இன்றும் படிப்பு பொதுவாக இரண்டு வருடம், இரண்டேகால் வருடம்தான், அதற்குள் நோயாளியைத் தொடக் கூச்சப்படுபவரை உட்கார வைத்துப் பழக்க நேரம் கிடையாது.

ஸ்க்ரைப்பா, சி.என்.ஏ.வா? ஸ்க்ரைப் வேலை நல்ல வேலை. டாக்டர் எப்படி யோசிக்கிறார் என்பதைப் பக்கத்திலேயே இருந்து பார்க்கலாம். ஆனால் காஸ்பாவில் அது இரண்டாவது பெட்டியில்தான் உதாரணமாக இருக்கிறது, சில கல்லூரிகள் பெரிய மனசு பண்ணி முதல் பெட்டியில் ஏற்கும், பல ஏற்காது. சி.என்.ஏ. இரண்டு பெட்டியிலும் பெயர் இருக்கிற வேலை, செய்யும் வேலையைப் பொறுத்து என்று சொல்லிவிடுவார்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நோயாளியின் உடம்பைத் துடைத்துவிடுவதும் ரத்த அழுத்தம் பார்ப்பதும் இரண்டாவது பெட்டியாம். துடைத்துவிடுகிறவர்தான் தோலைப் பார்க்கிறார், வேறு யார் பார்க்கிறார்கள்? 300-க்கும் மேற்பட்ட பி.ஏ. கல்லூரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி, ஒருவர் 500 மணி நேரம் போதும் என்பார், இன்னொருவர் 2,000 கேட்பார், ஒருவர் சம்பள வேலை மட்டும்தான் என்பார். இதையெல்லாம் ஒரே அளவாக வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று வருடா வருடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நானும் பி.ஏ. படிக்கும் முன் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரவு சி.என்.ஏ.வாக இருந்தவள். காலை ஐந்து மணிக்கு ஒரு பாட்டியைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது வால் எலும்பு இருக்கும் இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு தெரிந்தது. விரலால் அழுத்தி எடுத்தேன். நல்ல தோலாக இருந்தால் அழுத்திய இடம் ஒரு கணம் வெளுத்துத் திரும்பச் சிவக்கும். இது வெளுக்கவே இல்லை, அப்படியே சிவப்பாக நின்றது. அது படுக்கைப் புண்ணின் முதல் கட்டம். நர்ஸிடம் சொன்னேன், அன்றே மெத்தை மாறியது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்று எழுதி வைத்தார்கள், புண் திறக்காமல் போனது. என் நேர்முகத் தேர்வில் நான் சொன்னது இதைத்தான். உங்கள் விண்ணப்பத்திலும் இப்படி எழுதுங்கள். "நோயாளிகளுக்கு உதவினேன்" என்று எழுதினால் எந்தப் பெட்டி என்று படிக்கிறவருக்குத் தெரியாது. என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள் என்று எழுதினால் தெரியும்.

"பி.பி.டி. படித்துவிட்டு மலம் அள்ளும் வேலையா என்று மாமியார் கேட்கிறார்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது நோயாளியைக் கவனிக்கும் வேலை, கோவையில் பக்கவாதம் வந்தவரைத் தூக்கி உட்கார வைத்தீர்களே, அதே கை, அதே இடுப்பு. அத்தையிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். இரவு வேலைக்குப் போக வர வண்டி, குழந்தையை யார் பார்ப்பது என்பதெல்லாம்தான் உண்மையான சிக்கல், அதைப் பேசி முடியுங்கள்.

அப்புறம் சி.என்.ஏ. பயிற்சிக் கட்டணம், இதில் பெரிய வேட்டை நடக்கிறது. மத்திய விதிப்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, டெக்சாஸில் 100 மணி நேரம். இவ்வளவுதான் விஷயம். இதோடு ரத்தம் எடுப்பது, ஈ.சி.ஜி. என்று மூன்று நான்கைக் கோர்த்து "பி.ஏ. அனுபவ பேக்கேஜ்" என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம் உங்களுக்கு வேலை தந்துவிட்டு அல்லது தருவதாகச் சொல்லிவிட்டுப் பயிற்சி கொடுத்தால், பயிற்சிக்கோ புத்தகத்துக்கோ தேர்வுக்கோ உங்களிடம் பணம் வாங்கக் கூடாது, மத்திய விதியே அப்படித்தான். நீங்களே பணம் கட்டிப் படித்துவிட்டு, முடித்த 12 மாதத்துக்குள் அப்படிப்பட்ட ஓர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தால் அந்தச் செலவைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. இதை எந்த பேக்கேஜ்காரரும் சொல்ல மாட்டார். ஆகவே முதலில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள இல்லங்களுக்குப் போன் போடுங்கள், பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுப்பீர்களா என்று கேளுங்கள். தனியார் பயிற்சிக்குப் போவதாக இருந்தால் அது மாநிலம் அங்கீகரித்ததா, முடித்தால் மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏறுமா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இன்னொரு கும்பல், இந்தியாவில் பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் முடித்தவர்களையும் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். படித்தவர்களையும் "நேரே அமெரிக்க பி.ஏ. தேர்வு எழுதலாம்" என்று பிடிக்கிறது. முடியாது. பேன்ஸ் என்ற உரிமத் தேர்வை எழுத வேண்டுமானால் ஏ.ஆர்.சி.-பி.ஏ. என்ற அமெரிக்க அமைப்பு அங்கீகரித்த பி.ஏ. படிப்பை முடித்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பக்கம் யாராவது கேட்டால் இதைச் சொல்லிவிடுங்கள்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். வாரம் மூன்று இரவு, ஒவ்வொன்றும் 12 மணி நேரம் என்றால் 36. 1,000 மணி நேரத்துக்கு 28 வாரம். இரண்டு இரவுதான் முடியும் என்றால் 42 வாரம், அந்த நேரத்திலேயே பகலில் கம்யூனிட்டி காலேஜில் உடற்கூறியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களைப் படித்துவிடலாம், ஏனென்றால் பல கல்லூரிகள் இந்தப் பாடங்களை அமெரிக்காவில் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும். இ.ஏ.டி. முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து, புதுப்பிக்க எவ்வளவு முன்னால் விண்ணப்பிக்க முடியுமோ அன்றே விண்ணப்பியுங்கள். அங்கே தாமதமானால் வேலையை நிறுத்தியே ஆக வேண்டும், உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லாவிட்டாலும். எச்-4-ல் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் கல்விக் கடன் கிடையாது என்பதையும் இப்போதே கணவரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

காஸ்பா வருடா வருடம் ஏப்ரல் கடைசியில் திறக்கும். அதற்கு முன்னால் நீங்கள் நினைத்திருக்கும் பத்துப் பன்னிரண்டு கல்லூரிகளுக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். "நான் இந்தியாவில் நான்கு வருடம் பிசியோதெரபிஸ்டாக முழு நேரம் வேலை பார்த்தேன், வேலை முடிந்து மூன்று வருடம் ஆகிறது, இந்த மணி நேரத்தை நேரடி நோயாளிப் பராமரிப்பாக ஏற்பீர்களா? எச்-4 விசாவில் இருப்பவர்களைச் சேர்ப்பீர்களா?" இவ்வளவுதான் கேட்க வேண்டும். போனில் கேட்டால் எடுத்தவர் ஏதாவது சொல்லிவிடுவார், எழுத்தில் வந்த பதிலை மட்டும் நம்புங்கள், வந்ததும் தேதியோடு அச்செடுத்து, கோவையிலிருந்து வரப்போகும் கடிதத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள்.