பொறியியல் பாடத்திட்டத்தில் பசுமைத் தொழில்நுட்பத்தையும் சேவைவழிக் கற்றலையும் (படிப்பதை ஒரு சமூகத்தின் நிஜத் தேவைக்குச் செய்துகொடுத்தே கற்பது) எப்படிச் சேர்ப்பது? தனிப் பாடமாகவா, இருக்கிற பாடங்களுக்குள்ளேயா?

பொறியியல் வகுப்பு எடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: இருக்கிற பாடங்களுக்குள்ளேயே சேருங்கள். கூடவே, மாணவர்கள் செய்து கொடுத்த பொருள் அடுத்த வருஷமும் ஓடுகிறதா என்று போய்ப் பார்ப்பதற்கும் மதிப்பெண் வையுங்கள். இரண்டாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

இரண்டு வழிகளுக்கும் அமெரிக்காவில் முன்னுதாரணம் உண்டு. பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1995-ல் தொடங்கிய எபிக்ஸ் (EPICS) என்ற சேவைவழிக் கற்றல் திட்டம் தனியாகக் கிரெடிட் தரும் பாடம். முதலாண்டு மாணவர் முதல் இறுதியாண்டு மாணவர் வரை ஒரே அணியில் இருப்பார்கள். ஒரு சமூக அமைப்போடு பல செமஸ்டர் தொடர்ந்து வேலை செய்வார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் லோவல் வளாகம் வேறு மாதிரி யோசித்தது. புதுப் பாடம் எதையும் கூட்டாமல், ஏற்கெனவே நடத்தும் முக்கியப் பாடங்களுக்குள் சேவைப் பணியை வைத்தது. எனக்குப் பிடித்தது லோவல் வழி. விருப்பப் பாடமாக வைத்தால் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள் மட்டும்தான் வருவார்கள். ஆனால் அணி கலையாமல் தொடர்வதை எபிக்ஸிடமிருந்து கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாடத்துக்குள் எப்படி வரும்? பாய்ம இயக்கவியலில் பம்ப் கணக்கு எப்படியும் போடுகிறோம். தினம் 10,000 லிட்டர் தண்ணீரை 30 மீட்டர் ஏற்ற வேண்டுமென்றால் தண்ணீருக்குச் சேர வேண்டிய ஆற்றல் சுமார் 0.82 யூனிட். பம்பும் மோட்டாரும் சேர்ந்து, கொடுக்கும் மின்சாரத்தில் 40 சதவீதத்தைத்தான் தண்ணீருக்குச் சேர்க்கும் என்றால் 2 யூனிட் ஆகிவிடும். முழு வெயில் 5 மணி நேரம் கிடைத்தால் 400 வாட்டுக்குச் சற்று மேற்பட்ட சோலார் பேனல் போதும். வகுப்பில் கணக்கு இத்தோடு முடிந்தது. அதே கணக்கை நிஜமான ஒரு கிணற்றுக்குப் போடச் சொன்னால் கேள்விகள் மாறும். கோடையில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும்? பேனலில் படியும் தூசியை யார் துடைப்பார்கள்? கன்ட்ரோலர் பழுதானால் பக்கத்தில் யாராவது சரிசெய்வார்களா? இதற்கெல்லாம் பாடநூலில் விடை இருக்காது. அங்கே இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது, வீட்டில் குடிநீரைச் சுத்தம் செய்யும் உயிர்மணல் வடிகட்டியை (biosand filter). கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் டேவிட் மான்ஸ் வடிவமைத்தது, மின்சாரம் வேண்டாம். மணலின் மேற்பரப்பில் வளரும் நுண்ணுயிர்ப் படலம் கிருமிகளைத் தின்று அழிப்பதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. அது முழுதாக வளர 30 நாள் வரை ஆகலாம். தண்ணீர் ஊற்றாத நேரத்தில் மணலுக்கு மேல் சுமார் 5 சென்டிமீட்டர் நீர் நிற்கும்படி வெளியேறும் குழாயின் உயரம் அமைக்கப்பட்டிருக்கும். குழாய் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். வீட்டில் என்ன நடக்கும்? தண்ணீர் தானாக ஒழுகிக்கொண்டே இருக்கிறதே என்று யாராவது அந்தக் குழாயின் முனையில் திறந்து மூடும் ஒரு டேப் (tap) மாட்டுவார்கள். மிக இயல்பான காரியம்தான். ஆனால் டேப்பை மூடியதும் மணலுக்கு மேல் நீர் உயர்ந்து நிற்கும், ஆக்சிஜன் படலத்துக்குப் போய்ச் சேராது, அதிலுள்ள நுண்ணுயிர்கள் மடிந்துபோகும். தண்ணீர் அப்போதும் பார்க்கத் தெளிவாகவே வரலாம். குடிக்கிறவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, திரும்பிப் போவது. செமஸ்டர் முடிந்ததும் போட்டோ எடுத்து, ரிப்போர்ட்டை பைண்டிங் செய்து கொடுத்துவிட்டுக் கிளம்புகிற மாணவருக்கு இது தெரியவே வராது. அது அவர் குற்றமல்ல, நாம் மதிப்பெண் போடும் முறையின் குற்றம்.

புதிதாகத் தொடங்கும் கல்லூரிக்கு என் யோசனை: பத்து இடம் வேண்டாம், ஒரே இடம் போதும், ஆனால் பல வருஷத்துக்கு. என்ன தேவை என்பதை அங்குள்ளவர்களே சொல்லட்டும். ஒவ்வொரு புது பேட்சுக்கும் முதல் வேலை, சீனியர்கள் விட்டுப்போனதைப் பரிசோதித்துப் பழுது பார்ப்பது. உதிரி பாகத்துக்கான பணத்தை புராஜெக்ட் பட்ஜெட்டிலேயே முதலில் ஒதுக்கிவிடுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேள்வி கேட்பவர்களில் ஒருவராவது அந்தத் தண்ணீரைக் குடிப்பவராக இருக்கட்டும்.